மேளத்தோடு போன கம்ப்யூட்டர்

ஜூன் 2, ஞாயிறு

எல்லாம் நான் சொன்னபடிதான் நடந்தது. கல்லிடைக்குறிச்சிக்குப் பஸ் ஏறும்போதே பகவதியிடம் சொன்னேன்: "பாத்துக்கோ, இன்னைக்குச் சம்பந்தியம்மா செயின் பேச்சை எடுப்பா. செண்பகம் வாயத் திறக்க மாட்டா. கடைசியில நான்தான் ஒரு வார்த்தை சொல்லிச் சபையை முடிக்கணும்." மூன்றும் அப்படியே நடந்தது. மூன்றாவதை நானாகச் செய்துவிட்டு அதை ஜோசியம் என்று சொல்லக் கூடாதாம். என் மனைவியின் சட்டம் அது.

செண்பகம் என் அக்கா மகள். அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். செண்பகத்துக்கு உடன்பிறந்தான் கிடையாது. ஆகவே அவள் பெண் நிறைமதிக்குக் காது குத்தும்போது உட்கார வேண்டிய தாய்மாமன் மடி என் மடிதான். சீரும் என் சீர்தான். இன்றைக்கு நாள் குறித்தார்கள், ஜூன் பதினாறு.

செண்பகத்தின் மாமியார் வேலம்மாள் மதினி வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆரம்பித்தாள். "அண்ணாச்சி, பிள்ளை கழுத்து மொட்டையா இருக்கு. நான் வேற ஒண்ணும் சொல்லல."

அந்த நேரம் எனக்கு மூளையில் மின்னல் அடித்தது. செண்பகம் கல்யாணத்துக்கு முன்னால் பிரான்சிஸ் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவள். கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுவதிலும், ஆல்பம் அமைப்பதிலும் அம்பாசமுத்திரம் தாலுகாவிலேயே அவளை அடிக்க ஆள் இல்லை. கைக்குழந்தையோடு ஸ்டுடியோவுக்குப் போக முடியவில்லை. பிரான்சிஸ் வீட்டுக்கே வேலை கொடுத்தனுப்பத் தயார். வீட்டில் இருப்பதோ ஒரு பழைய லேப்டாப். அதில் கல்யாண வீடியோவைத் திறந்தால் மாப்பிள்ளை தாலியும் கையுமாக அப்படியே நின்றுவிடுகிறார்.

"மதினி, செயின் சும்மா கழுத்துல கெடக்கும். கம்ப்யூட்டர் சோறு போடும். மேளத்தோட கொண்டாந்து இறக்குதேன்!" என்றேன். சபை அதிர்ந்தது. பத்துப் பேர் கை தட்டினார்கள். (பகவதி கணக்கில் ஒருவர். அவரும் கொசு அடித்தாராம்.)

வேலம்மாள் மதினி யோசித்துப் பதில் சொன்னாள். "சரி அண்ணாச்சி. கொண்டாங்க. ஆனா ஒண்ணு. ஆடி பொறக்கதுக்குள்ள அந்த மெஷினுல ஒரு வேலையாவது முழுசா முடிச்சிக் காட்டணும். இல்லேன்னா அதைக் கடையிலயே குடுத்துட்டுப் பிள்ளைக்குச் செயின் வாங்கிப் போட்டுரணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். செண்பகம் என்னைப் பார்த்தாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. பயம் என்கிறாள் பகவதி.

ஜூன் 5, புதன்

திருநெல்வேலியில் நாலு கடை ஏறி இறங்கினேன். கம்ப்யூட்டர் எனக்குப் புதிதல்ல. முப்பது வருஷம் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டியவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்தது. ஆனால் கரண்டில் ஓடுவது எதுவும் எனக்குத் தம்பி மாதிரி.

முதல் கடையில் ஒரு பெண் பிள்ளை இருந்தது.

"இது எத்தனை ஹெச்.பி.ம்மா?"

"சார், இது கம்ப்யூட்டர்."

"தெரியுது. உள்ள காயிலு காப்பரா அலுமினியமா?"

அந்தப் பிள்ளை உள்ளே போய் முதலாளியைக் கூட்டி வந்தது. இப்படி ஒரு கேள்வியை இதுவரை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

மோட்டாரோ கிரைண்டரோ, எதை வாங்கினாலும் தூக்கிப் பார்க்க வேண்டும். கனம்தான் தரம். எல்லாக் கடையிலும் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். மூன்றாவது கடையில் ஒன்று நல்ல கனம். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்கு மாறி மாறி எரிகிறது. தேர் மாதிரி இருந்தது. மனதுக்குள் அதை முடித்துவிட்டேன்.

ஜூன் 8, சனி

செண்பகத்தையும் கூட்டிப்போனேன். குழந்தையை மதினி பார்த்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்று உத்தரவு.

என் தேரைக் காட்டினேன். செண்பகம் பெட்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டாள். அவர் சொன்னதும், "இது விளையாடுத பயலுவளுக்கு ஆகும். நமக்கு மெமரி பத்தாது மாமா" என்றாள்.

"கனமா இருக்கேட்டி!"

"கனம் தகரத்துல மாமா. நான் ஒரே நேரத்துல மூணு கேமராப் படத்தை விரிச்சு வச்சு வெட்டணும். வெட்டுத பலகை சின்னதா இருந்தா காய் எல்லாம் கீழதான் விழும்."

இதை நான்தான் அவளுக்கு முன்பு எப்போதோ சொல்லியிருப்பேன். என் பேச்சு மாதிரியே இருந்தது.

பிறகு எஸ்.எஸ்.டி. என்று ஒன்றைக் கேட்டாள். படங்களை அடைத்து வைக்கும் டிஸ்க்குதான். ஆனால் சுற்றுவதில்லை. அசையும் பாகமே கிடையாதாம். சுழலாத ஒன்றை மெஷின் என்று நான் எப்படி ஒத்துக்கொள்வது? அரை மணி நேரம் வாதாடினேன். அவள் அசையவில்லை. கிராபிக்ஸ் கார்டு என்று இன்னொன்று. நான் முகத்தைச் சுளித்ததும், "மாமா, இதுல மட்டும் மூணு ஃபேன் சுத்துது" என்றாள். உடனே போடச் சொன்னேன். மூன்று ஃபேன் என்றால் உள்ளே ஏதோ பெரிய வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

மானிட்டரில்தான் நான் யார் என்பது கடைக்குத் தெரிந்தது. மூன்று மானிட்டரைக் காட்டி, மூன்றும் நல்ல கலர் என்றார்கள். நான் பையிலிருந்து பகவதியின் கூறைப்பட்டை எடுத்து மேஜையில் விரித்தேன். அரக்குச் சேலை, மாம்பழக் கரை. "இதைப் படம் எடுத்து மூணுலயும் போடு" என்றேன். பெரிய வளைந்த மானிட்டரில் சேலை தக்காளி நிறத்துக்குப் போய்விட்டது. இரண்டாவதில் கத்திரிக்காய். பார்க்க மங்கலாக, ஓரமாக வைத்திருந்த மூன்றாவதில்தான் பட்டு பட்டாக இருந்தது. செண்பகம் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "மாமா, இது நான் யோசிக்காதது" என்றாள். எனக்கு அந்த வளைந்ததுதான் பிடித்திருந்தது. அதை வெளியே சொல்லவில்லை.

விளக்கு விஷயத்தில் ஒரு உடன்பாடு. எடிட் செய்யும் இடத்தில் கலர் விளக்கு எரிந்தால் கண் ஏமாந்துவிடுமாம். ஊர்வலத்தில் மட்டும் எரியட்டும், வீட்டுக்குள் வந்ததும் அணைத்துவிடுகிறேன் என்றாள். சரி என்றேன்.

கடை முதலாளி என்னை மேனேஜராக வரச் சொன்னார். மறுத்துவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

கூறைப்பட்டு மடிப்புக் கலைந்திருந்ததைப் பகவதி பார்த்துவிட்டாள். இன்று வீட்டில் சமையல் இல்லை.

ஜூன் 14, வெள்ளி

மெஷின் வந்துவிட்டது. என் வீட்டில்தான் இருக்கிறது. பின்பக்கம் கை வைத்துப் பார்த்தேன், காற்று சீராக வருகிறது.

பிரான்சிஸ் செண்பகத்துக்கு முதல் வேலையைக் கொடுத்துவிட்டான். அப்பளக் கம்பெனி சங்கரலிங்கம் வீட்டுக் கல்யாணம், மூன்று கேமராவில் எடுத்தது முழுவதும் கையகல ஹார்ட் டிஸ்க் ஒன்றில். ஆடி ஒன்றாம் தேதி மகளை அழைத்து வரும்போது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போட்டுக் காட்ட வேண்டுமாம். மெஷின் வந்து இறங்கியதும் அதில் ஒரு பிரதி ஏற்றிக்கொண்டு டிஸ்கைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது பிரான்சிஸின் நிபந்தனை. செண்பகம் அதைச் சாமி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறாள்.

ஜூன் 16, ஞாயிறு

பேனாவை மூன்று தடவை எடுத்து மூன்று தடவை வைத்துவிட்டேன். களைப்புதான். வேறொன்றுமில்லை.

ஊர்வலத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கல்லிடைக்குறிச்சி இப்படி ஒரு சீரைக் கண்டதில்லை. பிள்ளையார் கோயில் வாசலில் ஆரம்பித்தோம். முன்னால் மேளம். தவில் முப்பிடாதி. பிறகு பழத்தட்டு, சேலைத்தட்டு, சர்க்கரைத்தட்டு. கடைசியில் தள்ளுவண்டி. அதில் வாழைக்கன்று கட்டி, என் வீட்டு இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் ஏற்றி, நடுவில் கம்ப்யூட்டர். மாலை போட்டு, மானிட்டரை வேட்டியால் இறுக்கிக் கட்டி, விளக்கெல்லாம் எரிய நடுத்தெருவில் ஓடும் கம்ப்யூட்டர்! பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனால் அட்டைப்பெட்டிச் சீர் என்று சொல்ல மாட்டார்களா?

ஆனால் திரை வெறும் நீலமாக நின்றது. அதில் ஒரு கல்யாணம் ஓடினால்தானே களை? காலையில் காப்பி குடிக்கச் செண்பகம் வீட்டுக்குப் போனபோது விஷயத்தைச் சொன்னேன். அவள் தன் கையாலேயே அலமாரியைத் திறந்து டிஸ்கை எடுத்து, "இந்தாங்க மாமா, என் வேலைக்கு வந்த முதல் கல்யாணம், ஊரே பாக்கட்டும்" என்று கொடுத்தாள். அதைக் கம்ப்யூட்டரில் செருகினேன். நடுத்தெருவில் அப்பளக் கம்பெனிக் கல்யாணம் ஓடியது. ஜனம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தது.

குடிதண்ணீர்க் குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம் ஒன்று மேலத்தெரு முக்கில் இருக்கிறது. வண்டி அதில் இறங்கி ஏறியது. சங்கரலிங்கம் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும் இடம் ஓடிக்கொண்டிருந்தது, செம்பிலிருந்து தண்ணீர் விழுந்தது, விழுந்தபடியே நின்றுவிட்டது. பிறகு தவில் அடிக்கு ஒத்தாற்போல் டிஸ்குக்குள்ளிருந்தும் டக், டக் என்று ஒரு சத்தம். தாளம் நன்றாகத்தான் இருந்தது. நான் நடந்துகொண்டே இருந்தேன்.

வாசலில் மதினி கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஆரத்தி எடுத்தாள். குழந்தை என் மடியில் இருந்தது. ஆசாரி குத்தியதும் வீறிட்டது. நான் அழவில்லை, கண்ணில் சாம்பிராணிப் புகை.

பந்தி நடக்கும்போதுதான் செண்பகம் வண்டிப் பக்கம் வந்தாள். ஒயரில் தொங்கிய டிஸ்கைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. பந்தல் டியூப்லைட் வெளிச்சம் எல்லோரையும் அப்படித்தான் காட்டும். டிஸ்கைக் கழற்றிக் காதோடு வைத்துக்கொண்டு நின்றாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல மாமா. சாப்பிட்டீயளா?" என்றாள்.

இரண்டு முறை பாயசம் வாங்கினேன்.

ஜூன் 17, திங்கள்

கம்ப்யூட்டருக்கு ஒரு கீறல் இல்லை. சுற்றாத டிஸ்க் ஆனபடியால் குழியில் விழுந்தும் பிழைத்தது. இதைத்தான் நான் கடையிலேயே வற்புறுத்தினேன்.

பிரான்சிஸின் டிஸ்க் சுற்றுகிற ரகம். அதைச் செருகினால் டக் டக் என்பதோடு சரி, வேறு ஒன்றும் வரவில்லை.

பிரான்சிஸ் வந்தான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

"கேமரா கார்டையெல்லாம் அடுத்த கல்யாணத்துக்கு அழிச்சிட்டனேம்மா. இது ஒண்ணுதான் இருந்துச்சு. ஓடுத டிஸ்கத் தள்ளுவண்டியில வச்சுத் தெருவுல உருட்டுவாங்களா? யாரு எடுத்துக் குடுத்தது?"

மதினி, செண்பகத்தின் புருஷன், பகவதி எல்லோரும் இருந்தார்கள். ஒரு பெரிய மனிதன்தான் அந்த மாதிரி நேரத்தில் பேச வேண்டும். "பிள்ளைதான் ஆசையா எடுத்துக் குடுத்தா பிரான்சிஸு" என்றேன்.

"நீயாம்மா குடுத்த?"

செண்பகம் என்னைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். நேற்று மேளத்தோடு வந்த மெஷினையும் பார்த்தாள். "ஆமாண்ணே. என் தப்புதான்" என்றாள்.

மதினி முந்தானையை உதறிச் செருகினாள். "அடுத்தவன் பொருளு. பூட்டுல இருக்க வேண்டியது. நீயெல்லாம் வீட்டுல இருந்து தொழில் பாக்கப் போறியா?"

அந்த நேரம் காப்பி வந்துவிட்டதால் நான் மேற்கொண்டு பேச முடியவில்லை.

பஸ்ஸில் பகவதி கேட்டாள்: "அவ குடுத்தாளா, நீங்க எடுத்தீயளா?" கேள்வியா இது? இவள் இந்த டைரியை எடுத்துப் படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். பதினாறாம் தேதியைப் படித்துக்கொள்ளட்டும்.

ஜூன் 18, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். இந்தக் கல்யாணத்தை ஆடி ஒன்றுக்குள் மீட்டே தீருவேன். மோட்டார் எரிந்து கரியாகி வந்தாலும் "ஓடாது" என்று திருப்பி அனுப்பாதவன் நான்.

மதுரையில் செத்த டிஸ்கிலிருந்து படம் எடுத்துக் கொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. டிஸ்கைப் பஞ்சில் பொதிந்து, வேட்டியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் டிரைவரிடம் மெதுவாக ஓட்டச் சொன்னேன். கயத்தாறு தாண்டியதும் அவர் என்னைப் பின்சீட்டுக்கு மாற்றினார்.

அங்கே கண்ணாடி போட்ட ஒருவர் டிஸ்கைக் கையில் வாங்கியதும் கேட்டார். "ஓடிக்கிட்டு இருக்கும்போது அதிர்ச்சி பட்டுச்சா சார்?"

"எங்க அம்பாசமுத்திரத்துல அன்னைக்கு லேசா நில அதிர்வு."

"அம்பாசமுத்திரத்துலயா? பேப்பர்ல வரலையே?"

"சின்ன ஊரு சார். எங்கள எவன் எழுதுதான்?"

ஒரு வாரம் ஆகும், எவ்வளவு கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார். "முழுசும் வேணும்" என்றேன். அதற்கு அவர் சிரிக்கக்கூட இல்லை.

ஜூன் 20, வியாழன்

செண்பகம் போன் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

மதுரையிலிருந்து வந்துவிட்டது. முந்தின நாள் நிச்சயதாம்பூலம் முழுவதும் பிழைத்தது. சாயங்கால வரவேற்பும் அப்படியே இருக்கிறது. முகூர்த்தக் காலை மட்டும் இல்லை. தாரை வார்த்தது, தாலி கட்டியது, அம்மி மிதித்தது மூன்றும் போயே போய்விட்டன. கல்யாணம் இல்லாத கல்யாண வீடியோ.

புது டிஸ்கில் ஏற்றிக் கொடுத்ததைச் செண்பகத்திடம் கொண்டுபோய் வைத்தேன். அவள் முழுக்க ஓட்டிப் பார்த்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். பிறகு, "மாமா, தாலி கட்டும்போது மண்டபத்துல எத்தனை போன் மேல தூக்கியிருந்திருக்கும்!" என்றாள்.

இந்த யோசனை அவள் வாயிலிருந்து வந்தாலும் அதற்கு முன்பே என் மனதில் இருந்ததுதான்.

ஜூன் 28, வெள்ளி

வேட்டை ஆரம்பம். மொபெட்டில் பழைய லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போன வீடு ஒவ்வொன்றாக ஏறுகிறேன். டிஸ்க் செத்ததை வெளியே சொன்னால் பிரான்சிஸ் பிழைப்பும் போகும். அதனால் நான் சொல்வது இதுதான்: "புது மாடல் வீடியோ. சொந்தக்காரங்க கண்ணு வழியா கல்யாணம். மெட்ராஸ்ல இதான் இப்போ ஓடுது. ஒங்க படம் இல்லேன்னா ஒங்க பேரு வராது." பேரு வராது என்றதும் போன் தானாகக் கைக்கு வருகிறது.

ஒரு அத்தை எடுத்ததில் முழுக்க அவள் கட்டை விரல். ஒருவர் எடுத்ததில் முன்வரிசைப் பெண்ணின் மல்லிகைப்பூ மட்டும். கிராமக் கணக்கு வீட்டு மாமா ஒருவர் கேமராவைத் திருப்ப மறந்துவிட்டார். தாலி கட்டும் நேரம் முழுவதும் அவர் முகமே ஓடுகிறது. வாயைத் திறந்து அட்சதையை எறிகிறார். ஆனால் கெட்டிமேளச் சத்தம் அதில்தான் துல்லியமாக விழுந்திருக்கிறது. அதையும் வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 4, வியாழன்

தாலி கட்டுவதை இருபது கோணத்தில் பிடித்திருக்கிறார்கள். தாரை வார்ப்பதை ஒருவரும் எடுக்கவில்லை. எல்லோரும் தாலிக்காகப் போனை மிச்சம் வைத்திருக்கிறார்கள். தகப்பன் மகள் கையைப் பிடித்துக் கொடுத்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. செண்பகம் அந்த இடத்தில் கறுப்பாக ஒரு கட்டம் விட்டுவைத்திருக்கிறாள்.

ஜூலை 6, சனி

கிடைத்துவிட்டது! தவில் முப்பிடாதியிடம்.

அந்தக் கல்யாணத்துக்கும் அவர்தான் மேளம். தான் வாசிப்பதை எடுத்துப் போடுவதற்காகப் போனை எதிரே நிறுத்தி வைப்பாராம். முன்னால் பெரிதாகத் தவில். அதற்குப் பின்னால், மேடையில், சங்கரலிங்கம் கை, செம்பு, தண்ணீர். முகமும் தெரிகிறது.

"எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. அன்னைக்கே சத்தம் போட்டனே, பள்ளம் இருக்கு, வண்டியை நிப்பாட்டுங்கன்னு. நீங்க கையை ஆட்டி இன்னும் வேகமா வாசிக்கச் சொன்னீய."

அவர் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. மேளச் சத்தம் அதிகம்.

ஜூலை 11, வியாழன்

தினமும் போகிறேன். செண்பகம் எடிட் செய்கிறாள், நான் தொட்டில் ஆட்டுகிறேன். இரண்டும் சம அளவு வேலை.

போனில் எடுத்தது எல்லாம் நெட்டுக்குத்துப் படம். மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். நடுவில் தாலி, இடப்பக்கம் தாய், வலப்பக்கம் அட்சதை எறியும் கூட்டம். ஒவ்வொரு போனிலும் முகூர்த்தப்பட்டு ஒவ்வொரு நிறம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கு இழுத்து வருகிறாள். நாற்பது துண்டுப் படம் ஒரே நேரத்தில் விரிந்து கிடக்கிறது, மெஷின் ஒரு இடத்தில் திக்கவில்லை. மூன்று ஃபேனும் பதவிசாகச் சுற்றுகின்றன. மோட்டார் நல்ல லோடில் ஓடும் சத்தம் எனக்குத் தெரியும். அது அந்தச் சத்தம்தான்.

முதல் இரண்டு நாள் கதவோரம் நின்று பார்த்த மதினி இன்று உள்ளே வந்துவிட்டாள்.

"ஏட்டி, இந்த ரெண்டு பேரையும் ஒரே படத்துல வைக்காத. வரப்புத் தகராறு, பேச்சுவார்த்தை கெடையாது."

"சரி அத்தை."

"அந்தப் பச்சைச் சேலைக்காரிய முன்னால போடு. பொண்ணுக்குப் பெரிய அத்தை. விட்டுப்போச்சுன்னா ஆறு மாசம் பேசுவா."

எந்தக் கேமராக்காரனுக்கும் தெரியாத விஷயம் இதெல்லாம். செண்பகம் ஒரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டாள். மதினி உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேருமே என்னைக் கவனிக்கவில்லை.

ஜூலை 17, புதன். ஆடி 1

ஆடி பிறக்கும் முன்பே, நேற்று ராத்திரியே முடித்துவிட்டோம். இன்று அப்பளக் கம்பெனி வீட்டு முற்றத்தில் வெள்ளை வேட்டி கட்டிப் படம் போட்டார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒருவர் எழுந்து "இது நான் எடுத்தது!" என்றார். கிராமக் கணக்கு மாமாவின் முகத்தையும் செண்பகம் ஒரு நொடி செருகியிருந்தாள். அவர் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தவிலுக்குப் பின்னால் தாரை வார்க்கும் இடம் வந்ததும் முற்றம் அடங்கிவிட்டது. சங்கரலிங்கம் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதை எப்படிய்யா யோசிச்ச?" என்று பிரான்சிஸைக் கேட்டார். அங்கேயே இன்னும் இரண்டு கல்யாணத்துக்கு அவனிடம் சொல்லிவிட்டார்கள்.

நான் ஜெயித்தேன் என்று எழுதித்தான் இந்தப் பக்கத்தை ஆரம்பித்திருக்க வேண்டும். ஏனோ கடைசியில் எழுதுகிறேன்.

வெளியே வந்ததும் பிரான்சிஸ் செண்பகத்திடம் சொன்னான். "வேலை அருமைம்மா. ஒன்ன விட்டா ஆளு இல்ல. ஆனா இனிமே டிஸ்கை வீட்டுக்குக் குடுக்க மாட்டேன். ஸ்டுடியோவுக்கு வந்து பண்ணிக் குடு."

"பிள்ளைய எங்கண்ணே விட?"

"நான் என்ன செய்ய? மறுபடியும் யாராவது கேட்டா எடுத்துக் குடுத்துருவ. எனக்குப் பயமா இருக்கு."

மதினி இறங்கிய குரலில் சொன்னாள்: "அவளுக்காக நான் பேசலாம்னுதான் வந்தேன் பிரான்சிஸு. எப்படிப் பேச? ஒருத்தன் நம்பிக் குடுத்ததைத் தூக்கித் தெருவுக்குக் குடுத்திருக்கா." பிறகு என்னிடம்: "வேலை வீட்டுக்கு வராதுன்னா மெஷினு எதுக்கு அண்ணாச்சி? கடையில கேட்டுப் பாருங்க."

செண்பகம் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் தேவலை.

ஜூலை 18, வியாழன்

மொபெட்டுக்கு ஆயில் மாற்றினேன்.

ஜூலை 19, வெள்ளி

மொபெட்டைத் துடைத்தேன். "எத்தனை தடவைதான் துடைப்பீய?" என்றாள் பகவதி.

ஜூலை 21, ஞாயிறு

காலையில் பிரான்சிஸ் ஸ்டுடியோவுக்குத் தனியாகப் போனேன். சில தொழில்நுட்ப விஷயங்களை அவனிடம் எடுத்துச் சொன்னேன். அவன் கையிலிருந்த கேமராவைக் கீழே வைத்தான். "அண்ணாச்சி, இதை அந்த மாமியாரம்மா முன்னால வந்து சொல்லுவீயளா?" என்றான். நான் யார்? சபைக்கு அஞ்சியவனா? அவன் பைக்கிலேயே ஏறினேன். வழியில் இறங்கிவிடலாம் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. மேலத்தெரு முக்கில் ஒரு தடவை நினைத்தேன்.

மதினி முற்றத்தில் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். நாலு வாக்கியம்தான். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் செண்பகம் உட்கார்ந்திருந்தாள், முதுகுதான் தெரிந்தது. அவள் கை அசையாமல் நின்றது.

மதினி கையைத் துடைத்துக்கொண்டு பிரான்சிஸைப் பார்த்தாள். "எங்கய்யா அடுத்த கல்யாணத்து டிஸ்கு? கொண்டா. பூட்டுச் சாவி இனி என் இடுப்புல. இந்த அண்ணாச்சி வந்தா காப்பி குடிச்சிட்டுப் போற வரைக்கும் என் கண்ணு இவுக மேலயே இருக்கும்."

பிரான்சிஸ் பையிலிருந்து டிஸ்கை எடுத்துக் கொடுத்தான். செண்பகம் எழுந்து வந்தாள். என் கையில் மோர் டம்ளரைக் கொடுத்தாள். "உப்பு போதுமா மாமா?" என்றாள். போதும் என்று தலையாட்டினேன். உப்பே போடவில்லை.

பகவதி, நீ எப்படியும் இதைப் படிப்பாய். அதனால் எழுதிவிடுகிறேன். இந்த டைரியில் இருப்பதெல்லாம் நடந்தது நடந்தபடி. பதினாறாம் தேதி எழுதியதில் ஒரு இடம் மட்டும் நான் சேர்த்துக்கொண்டது. செண்பகம் அலமாரியைத் திறக்கவில்லை, ஊரே பாக்கட்டும் என்று சொல்லவும் இல்லை. நான் கேட்டபோது, "வேண்டாம் மாமா, அது என் பொருள் இல்ல" என்றுதான் சொன்னாள். அவள் குழந்தைக்குப் பூ வைக்கப் போன நேரம் பார்த்து, அலமாரி மேல் இருந்த சாவியால் திறந்து நான்தான் எடுத்தேன்.